நெஞ்சில் வைத்ததும் ஏட்டில் வைத்ததும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அடியேன் வேதாந்தம் கற்றவன் அல்லன். வணிகவியல் படித்து, வங்கியில் பணி செய்து, ஓய்வு பெற்று, மேடவாக்கத்தில் வசித்து வருபவன். ஆகவே இது ஒரு வ்யாக்யானம் ஆகாது. பத்து ஆண்டுகளாக மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியைப் பெரியோர் முன் வைக்கிறேன். குற்றம் இருப்பின் பொறுத்தருள வேண்டும்.

இன்று நாலாயிரமும் வ்யாக்யானங்களும் கைபேசிக்குள் வந்துவிட்டன. வேண்டிய பாசுரத்தின் முதற்சொல்லை இட்டால் ஒரு நொடியில் கண்முன் நிற்கிறது. இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் ஒன்றை நெஞ்சில் ஏற்றிக்கொள்ள வருஷக்கணக்கில் ஏன் பாடுபட வேண்டும்? நாம் பாடுபட்டதோடு நில்லாமல், நம் குழந்தைகளையும் ஏன் பாடுபடுத்த வேண்டும்? இதுவே கேள்வி.

அடியேனுடைய தகப்பனாரிடம் ஒரு பழைய அச்சுப் புஸ்தகம் இருந்தது. அவர் இளமையில் காலக்ஷேபம் கேட்டபோது, பக்க ஓரங்களில் பொடியெழுத்தில் அர்த்த விசேஷங்களை மையினால் குறித்து வைத்திருந்தார். அவருக்குப் பின் அது அடியேனிடம் வந்தது. பட்டுத்துணியில் சுற்றி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் தென்சென்னைப் புறநகர் முழுவதும் வெள்ளக்காடானபோது, எங்கள் தரைத்தள வீட்டிலும் முழங்கால் அளவு நீர் புகுந்தது. உயிருக்கும் உடைமைக்கும் அலைந்த அந்த இரவில் கீழ்த்தட்டு நினைவுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தபோது, அச்செழுத்துக்கள் ஒருவாறு பிழைத்திருந்தன. தகப்பனாரின் மையெழுத்துக்கள் நீலக் கறையாகக் கரைந்து போயிருந்தன.

அச்சான பாசுரங்களை மறுநாளே வேறு புஸ்தகத்தில் வாங்கிக்கொள்ளலாம். கரைந்தவற்றை எங்கே வாங்குவது? நினைவிலிருந்து எழுதிவிடலாம் என்று ஒரு நோட்டுப்புஸ்தகத்தை வைத்துக்கொண்டு அமர்ந்தேன். பத்து முறைக்குமேல் வாசித்த குறிப்புகள்தாம். ஆயினும், மூன்று குறிப்புகளுக்குமேல் எழுத முடியவில்லை. எந்தப் பக்கத்தில், எந்த மூலையில் எழுதியிருந்தார் என்பது நினைவில் இருந்தது. என்ன எழுதியிருந்தார் என்பது இல்லை. புஸ்தகம் என்னிடம் இருந்ததே தவிர, அதிலுள்ளது என்னிடம் இருந்ததில்லை என்பது அன்றுதான் விளங்கிற்று.

நீரில் ஏட்டைப் பறிகொடுத்த மற்றொருவரின் சரித்திரம் நம் ஸம்ப்ரதாயத்தில் உண்டு. அதை அனைவரும் அறிவர். என்றாலும் அந்த வெள்ளத்துக்குப் பின் அடியேனுக்கு அது வேறு விதமாகத் தோன்றுகிறது. நஞ்சீயர் திருவாய்மொழிக்குத் தாம் அருளிய ஒன்பதினாயிரப்படியை நல்ல ஏட்டில் படியெடுக்க விரும்பினார். நம்பூர் வரதராஜர் என்பவரைத் தகுதியுள்ளவராகக் கண்டு, முதலில் அதன் பொருளை முழுவதும் உபதேசித்து, பின்னர் மூலத்தை அவர் கையில் கொடுத்தார். வரதராஜர் தம் ஊருக்குச் செல்லும் வழியில் காவிரியைக் கடக்கையில் வெள்ளம் பெருகி, ஸ்ரீகோசம் நீரோடு போய்விட்டது. மூலமே போயிற்று, வேறு பிரதி இல்லை. அவர் ஊர் சேர்ந்து, ஆசார்யனைத் த்யானித்து, கேட்டவை அனைத்தையும் நினைவிலிருந்து மீண்டும் எழுதினார். தமிழில் தேர்ந்தவராதலால் சில இடங்களில் மேலும் சிறந்த பொருள்களும் அமைந்தன. நஞ்சீயர் வாசித்துப் பார்த்து வேறுபாட்டைக் கண்டு வினவ, நடந்ததை நடந்தபடியே விண்ணப்பித்தார். ஆசார்யன் கோபிக்கவில்லை, அணைத்துக்கொண்டு நம்பிள்ளை என்று திருநாமம் சாற்றினார்.

இரண்டு வெள்ளங்கள், இரண்டு ஏடுகள். நம்பிள்ளையின் மஹிமை எங்கே, அடியேன் எங்கே என்பது ஒருபுறம் இருக்கட்டும். கவனிக்க வேண்டியது வேறொன்று. நஞ்சீயர் ஏட்டைக் கொடுப்பதற்கு முன்பே பொருளைக் கொடுத்துவிட்டார். ஆகவே காவிரியால் ஓலையை மட்டுமே கொண்டுபோக முடிந்தது. அடியேனோ ஏட்டை மட்டும் பெற்றுக்கொண்டு, அதைப் பெற்றதையே அனைத்தையும் பெற்றதாக எண்ணியிருந்தேன். தகப்பனார் இருந்த நாளில், இந்தக் குறிப்புக்கு என்ன பொருள் என்று ஒரு நாள் மாலை உட்கார்ந்து கேட்டிருக்கலாம். அவர் காத்திருந்தார் என்றே இப்போது தோன்றுகிறது. அடியேனுக்கு மாற்றல், பதவி உயர்வு, வருஷ முடிவுக் கணக்கு என்று எப்போதும் ஏதாவது ஒன்று இருந்தது.

வங்கியில் பணி செய்தவனுக்கு வங்கியின் உவமைதான் வரும், மன்னிக்கவும். ஒரு சேமிப்புக் கணக்கில் இரண்டு ஆண்டுகளுக்குமேல் கொடுக்கல் வாங்கல் நடக்கவில்லையெனில் அதைச் செயல்படாக் கணக்கு என்று ஒதுக்கிவிடுவோம். பத்து ஆண்டுகள் எவரும் கேட்டு வராவிட்டால், அத்தொகை ரிஸர்வ் வங்கி 2014-இல் ஏற்படுத்திய நிதிக்குச் சென்றுவிடும். பணம் அழிவதில்லை, உரியவர் பிறகு வந்து கேட்டாலும் கிடைக்கும். ஆனால் இருப்பது தெரிந்து கேட்பவர் ஒருவர் வேண்டும். தந்தை பணம் போட்டிருப்பதே பிள்ளைக்குத் தெரியாதபடி கிடந்த கணக்குகளை அடியேன் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

மற்றொன்று, நாமினி என்று நாம் வழங்கும் நியமனதாரரைப் பற்றியது. கணக்கு வைத்திருந்தவர் காலமானபின் வங்கி நாமினியிடம் பணத்தைக் கொடுக்கும். அதனால் அவர் அதற்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. சட்டப்படியான வாரிசுகளுக்காக அதைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளர் மட்டுமே அவர். இதைப் பலருக்கும் மேஜையின் இப்புறம் அமர்ந்து விளக்கியிருக்கிறேன். அருளிச்செயல் விஷயத்தில் அடியேனும் ஒரு நாமினியே என்பது மட்டும் அப்போது உறைக்கவில்லை. தகப்பனார் கொடுத்தது அடியேனுக்காக மட்டும் கொடுத்தது அன்று. பேத்திக்குச் சேர வேண்டியதை இடையில் வைத்திருப்பவன், அதைப் பூட்டி வைத்துவிட்டு, பத்திரமாகத்தானே இருக்கிறது என்று கூறினால் அது நேர்மை ஆகுமா?

செயலற்றுக் கிடந்த கணக்கு ஒன்று எவ்வாறு மீண்டது என்பதே ஸ்ரீமந் நாதமுனிகளின் சரித்திரம். இன்று கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் என்று வழங்கும் வீரநாராயணபுரத்தில் அவர் எழுந்தருளியிருந்தபோது, யாத்திரையாக வந்த சில ஸ்ரீவைஷ்ணவர்கள் குடந்தை ஆராவமுதன் விஷயமான திருவாய்மொழிப் பதிகத்தை அநுஸந்தித்தார்கள். அதன் பலச்ருதிப் பாசுரம் இது ஆயிரத்துள் ஒரு பத்து என்று அறிவிப்பதைக் கேட்டு, மற்றவை எங்கே என்று வினவினார். தங்களுக்குத் தெரிந்தது இவ்வளவே என்றனர். பின்னர் அவர் திருக்குருகூர் சென்று, மதுரகவிகளின் வழியில் வந்த பராங்குசதாஸரை அடைந்தார். அவரிடமும் ஆயிரம் இல்லை. கண்ணிநுண்சிறுத்தாம்பு மட்டுமே இருந்தது. அதை நாதமுனிகள் உபதேசமாகப் பெற்று, ஆழ்வார் திருமுன்பே 12,000 உரு அநுஸந்திக்க, ஆழ்வார் திருவாய்மொழியோடு நாலாயிரத்தையும் அருளினார் என்பது குருபரம்பரை காட்டும் வரலாறு.

கணக்குப் பார்த்துப் பழகியவன் என்பதால் இதிலும் ஒரு கணக்குப் பார்த்தேன். யாத்திரிகர்களிடம் இருந்தவை 11 பாசுரங்கள். பராங்குசதாஸரிடம் இருந்தவை 11 பாசுரங்கள். ஆக 22. நாலாயிரமும் மறைந்திருந்த காலத்தில், இருபத்திரண்டு பாசுரங்கள் சிலருடைய நாவில் உயிரோடு இருந்தன, அவையே வழிகாட்டின. அந்த யாத்திரிகர்களின் திருநாமங்கள்கூட நமக்குத் தெரியாது. முழுவதும் தெரியாத நாம் இந்தப் பதினொன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர்கள் எண்ணவில்லை. தெரிந்ததைச் சொல்லிக்கொண்டே நடந்தார்கள். கேட்க வேண்டியவர் செவியில் அது விழுந்தது.

ஆகவே, நாலாயிரமும் வந்தால்தான் உண்டு, இல்லையேல் ஒன்றும் வேண்டாம் என்று சோர்வது சரியன்று. ஓய்வுக்குப் பிறகு ஸந்தை சொல்லத் தொடங்கிய அடியேன் போன்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆசார்யன் ஒருமுறை சொல்ல நாம் இருமுறை சொல்லும் அம்முறையில், இளமையில் ஒரு மாதத்தில் ஏறக்கூடியது இப்போது ஆறு மாதத்தில் ஏறுகிறது. ஏறட்டும்.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். பொருள் தெரியாமல் உருப்போடுவதால் என்ன பயன்? இது இக்காலத்தவர் கேட்கும் கேள்வி மட்டுமன்று. வேதத்தை ஓதியும் பொருளறியாதவனைச் சுமை தாங்கும் தூணுக்கு ஒப்பிட்டு நிருக்தமே பழிக்கிறது. ஆகவே உருப்போட்டதோடு கடமை முடிந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் பொருள் தெரிந்தபின்தான் சொல் வர வேண்டும் என்பதும் முறையன்று. எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில் இதற்கு ஒரு தெளிவு அருளியிருக்கிறார். அத்யயன விதி கேட்பது அக்ஷரராசியை ஏற்றுக்கொள்வதை. அவ்வாறு ஓதியவன், ஓதியவற்றில் பயனுள்ள பொருள்கள் தோன்றுவதைக் கண்டு, அவற்றை நிச்சயிப்பதற்காகத் தானே விசாரத்தில் இறங்குகிறான். அதாவது, சொல் உள்ளே இருந்தால் பொருள் ஒருநாள் கதவைத் தட்டும். சொல்லே இல்லாத வீட்டில் பொருள் எந்தக் கதவைத் தட்டும்?

இதற்கு அநுபவத்திலும் சான்று உண்டு. மனைவி மருத்துவமனையில் இருந்த ஓர் இரவில், தாழ்வாரத்து நாற்காலியில் அமர்ந்திருந்தேன். கைபேசியில் எல்லாம் இருந்தது. எதைத் தேடுவது என்றே தோன்றவில்லை. ஏழாம் வயதில் தகப்பனார் சொல்லிக்கொடுத்த திருப்பல்லாண்டு தானாக நாவில் வந்தது. தனக்கு வேண்டியதைக் கேட்காமல், காக்கும் எம்பெருமானுக்கே கண்ணேறு படுமோ என்று அஞ்சி ஆழ்வார் மங்களாசாஸனம் செய்த பரிவு, அறுபதாம் வயதில், அந்த நாற்காலியில்தான் சற்றே புரிந்தது. புஸ்தகத்தில் உள்ளதை நாம் தேடிச் செல்ல வேண்டும். நெஞ்சில் உள்ளது நம்மைத் தேடி வருகிறது.

இனி, கொடுப்பது பற்றி. தகுதி பார்த்துக் கொடுப்பதா, எல்லோருக்கும் கொடுப்பதா என்ற கேள்விக்கு நம் பூர்வர்கள் இரு விதமாகவும் நடந்து காட்டியிருக்கிறார்கள். நம்பிள்ளையின் காலக்ஷேபத்தைப் பகலில் கேட்டு இரவில் எழுதிவைத்தார் வடக்குத்திருவீதிப்பிள்ளை. அதை நம்பிள்ளை தாமே வாங்கி, ஈயுண்ணி மாதவப்பெருமாளிடம் ஒப்படைத்தார். அந்த ஈடு நெடுங்காலம் ஒருவர்பின் ஒருவராகவே வந்து, திருவாய்மொழிப்பிள்ளை வழியாக மணவாள மாமுனிகளைச் சேர்ந்தது. எம்பெருமானாரோ திருக்கோட்டியூர் நம்பியிடம் அரிதிற் பெற்ற அர்த்தத்தை ஆசையுடையோர்க்கெல்லாம் வெளியிட்டார். இவ்விரண்டும் முரண் போலத் தோன்றும். ஆனால் ஒன்றில் இருவகையினரும் ஒத்திருக்கிறார்கள்: தம்மோடு முடியட்டும் என்று எவரும் எண்ணவில்லை. காத்தவரும் அடுத்தவருக்காகவே காத்தார்.

மாமுனிகள் விஷயத்தில் இரண்டு செய்திகள் நினைவுக்கு வருகின்றன. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான்பிள்ளை அருளிய வ்யாக்யானத்தில் பெரும்பகுதி மறைந்துபோன நிலையில், கிடைக்காத பகுதிக்கு மட்டும் தாம் வ்யாக்யானம் அருளினார். முன்னோர் வைத்துச் சென்ற இடத்தில் தம் பெயரை எழுதிக்கொள்ளாமல், ஓட்டையை மட்டும் அடைத்துக் கொடுத்தார். மற்றொன்று, திருமேனி தளர்ந்தபின் ஆசார்ய ஹ்ருதயத்துக்கு வ்யாக்யானம் எழுதியபோது நடந்தது. இவ்வளவு ச்ரமப்பட வேண்டுமோ என்று சிஷ்யர்கள் கேட்க, உங்கள் பிள்ளைகளுக்கும் பேரன்மார்களுக்குமாகவே என்னும் கருத்தில் பதில் அருளினாராம். அந்தப் பேரன்மார்களின் வரிசையில்தான் நாம் இருக்கிறோம்.

அடியேன் என் மகனுக்கு எதையும் கொடுக்கவில்லை. இதை மறைத்து இக்கட்டுரையை எழுதுவது தகாது. அவன் படிப்புக்குப் பணம் கட்டினேன், மதிப்பெண்ணைக் கேட்டேன். தகப்பனார் எனக்குச் செய்ததுபோல் ஒரு பாசுரத்தையும் அருகில் அமர்த்திச் சொல்லித் தரவில்லை. அவன் இன்று வெளிநாட்டில் இருக்கிறான். வெள்ளத்துக்குப் பின் ஒருநாள் இதை அவனிடம் சொல்லி வருந்தியபோது, பரவாயில்லை அப்பா என்றான். அந்தச் சொல்லே அதிகமாக வலித்தது. தான் எதை இழந்தான் என்பதே அவனுக்குத் தெரியாதே.

சென்ற ஆண்டு முதல் ஞாயிறு காலைகளில் பேத்திக்குக் கண்ணிநுண்சிறுத்தாம்பு சொல்லித் தருகிறேன். இங்கே விடிந்து வெயில் ஏறும் நேரம். அங்கே சனிக்கிழமை இரவு. கைபேசித் திரையின் வழியாகத்தான். முன்பு கைபேசியைக் குறைத்துப் பேசியவன் அதற்கே நன்றி சொல்ல வேண்டியவனானேன். ஏடோ, அச்சோ, திரையோ, எதுவும் பகையன்று. அது ஒரு நெஞ்சிலிருந்து மற்றொரு நெஞ்சுக்குப் போகும் வழியாக இருக்க வேண்டும். போய்ச் சேரும் இடமாக ஆகிவிடக்கூடாது. குழந்தையை வற்புறுத்துவதில்லை. அவள் சோர்ந்தால் அன்று ஒரே வரியோடு நிறுத்திவிடுவேன். ஒரு சொல்லுக்கு அவள் பொருள் கேட்டாள், அடியேனுக்குத் தெரியவில்லை. காலக்ஷேபத்தில் கேட்டு, அடுத்த வாரம் சொன்னேன். அவள் கேட்டிராவிட்டால் அடியேனும் கேட்டிருக்கமாட்டேன். கொடுக்கப் புகுந்தவனுக்குத்தான் தன்னிடம் இல்லாதது தெரிகிறது.

மூன்று மாதங்களுக்கு முன், இருமுறை திருப்பிச் சொல்லும் இடத்தில் பேத்தியின் குரலோடு திரைக்கு அப்பாலிருந்து மற்றொரு குரலும் சேர்ந்தது. அடியேன் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த அடியைச் சொன்னேன்.

பாகவதர்கள் அனைவரும் தம்மிடம் உள்ள பதினொரு பாசுரத்தையேனும் இந்த வாரம் ஒருவருக்குச் சொல்லித் தரத் தொடங்க வேண்டும் என்று ப்ரார்த்திக்கிறேன். நாளைய நாதமுனி யார் செவியால் கேட்பார் என்பது நமக்குத் தெரியாது. சொல்லிக்கொண்டே நடப்பது நம் கடமை.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்,
மேடவாக்கம்