வேலை போன மறுநாள்

கன்டெய்னர் வீடு கட்டப்போகிறேன் என்று சொன்னால் பெம்பானில் இரண்டு விதமான பதில் வருகிறது. என் வயதுக்காரர்களுக்கு அது அழகு, சிக்கனம். தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களோ, "வேலைக்குக் கொண்டாந்த ஆளுங்கள அடைச்சு வைக்கிற பொட்டிதானே அது?" என்கிறார்கள்.

இரண்டாவது பதிலை ஒதுக்க முடியவில்லை. 2020 டிசம்பரில், காஜாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் அந்நியத் தொழிலாளர்கள் அடுக்கிவைத்த கன்டெய்னர்களுக்குள் நெருக்கியடித்து வாழ்ந்தது வெளியே தெரிந்தது. அப்போதைய மனிதவள அமைச்சர் சரவணன் அதை நவீன அடிமைத்தனத்தோடு ஒப்பிட்டார்.

சட்டம் இதை அளவால் தீர்க்கப் பார்க்கிறது. சட்டம் 446-இன் கீழ் 2020-இல் வந்த விதிகளின்படி, தொழிலாளர் விடுதியில் ஒருவர் படுக்கக் குறைந்தது 3 சதுர மீட்டர் வேண்டும். நாற்பது அடி கன்டெய்னரின் உட்பரப்பு சுமார் 28 சதுர மீட்டர். வெறும் கணக்குப்படி ஒன்பது பேர். அதே பெட்டியில் நான் இரண்டு பேருக்குத் திட்டம் போடுகிறேன்.

ஆனால் வித்தியாசம் இடத்தில் மட்டும்தானா? லயத்து வீட்டின் பின்னால் முருங்கை நின்றது, கோழிக்கூடு இருந்தது. கன்டெய்னரைவிடத் தாராளம்தான். இருந்தும் பால்மரம் வெட்டும் வேலை போனால் வீடும் போச்சு. தோட்டம் கைமாறினால், தலைமுறையாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் ஒரே நோட்டீசில் அந்நியமாகிவிடும். அதனால்தான் அம்மா பெட்டியின் விலையைக் கேட்கவில்லை. "பொட்டி கெடக்கட்டும். நெலத்து கிராண்டு யாரு பேர்ல இருக்கு?" என்றார்.

இப்போது என் நோட்டில் வேலைகள் நீள்கின்றன. இரும்புச் சுவரை வெட்டினால் பலம் குறையும், ஜன்னலைச் சுற்றி இரும்புச் சட்டம் வைக்க வேண்டும். வெயிலுக்குக் கூரையிலும் சுவரிலும் வெப்பத்தடுப்பு வேண்டும். மரத்தரையில் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள், மாற்ற வேண்டும். நகராண்மைக் கழகத்தில் வரைபட அனுமதி வாங்க வேண்டும். அலுப்பான பட்டியல்தான். ஆனால் 'இது என்னுடையது' என்று சொல்ல முடிகிறவனுக்குத்தான் இந்த அலுப்பே வாய்க்கிறது. அந்த ஒன்பது பேரால் காற்றுக்காக ஓர் ஓட்டைகூடப் போட முடியாது.

குறைவாக வாழ்வது நல்லது என்று நம் தலைமுறை நம்புகிறது. நானும் நம்புகிறேன். ஆனால் நான் தேர்ந்தெடுத்த குறைவு, இன்னொருவர்மேல் திணிக்கப்பட்ட குறைவுக்குச் சாட்சியாகிவிடக் கூடாது. என் வீட்டைப் பார்த்து, "பொட்டியில கூட நல்லா வாழலாமே" என்று ஒரு முதலாளி சொல்லக்கூடும். அவரிடம் கேட்க எனக்கு ஒரே கேள்விதான் உண்டு: வேலை போன மறுநாளும் அவர்கள் அங்கே தூங்கலாமா?