வட்டத்துக்கு வெளியே

தளவானூர்ப் பாறையைக் குடைந்த முதலாம் மகேந்திரவர்மன் தன் பட்டப்பெயரையே கோயிலுக்கு வைத்தான்: சத்ருமல்லேசுவராலயம். பகைவரோடு மல்லுக்கு நிற்பவனின் ஈசன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். முகப்பில் மகர தோரணம், இரு பக்கமும் வாயிற்காவலர். செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்களில் அதிகம் பேர் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. நல்லதுதான், உட்கார இடம் கிடைக்கிறது.

*

சமணனாயிருந்த பல்லவ மன்னன் திருநாவுக்கரசரை நீற்றறையில் அடைத்தான், நஞ்சூட்டினான், யானையை ஏவினான், கல்லோடு கட்டிக் கடலில் போட்டான் என்கிறது பெரிய புராணம். பிறகு அவனே வந்து அவரைப் பணிந்தான். அவன் மகேந்திரன்தான் என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள்.

தீங்கு செய்தவனும் பட்டவரும் நேருக்கு நேர். கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடத்தான் நமக்கு ஆசை. ஆனால் புராணம் மேலே போகிறது: மனம் மாறிய மன்னன் பாடலிபுத்திரத்தில், இன்றைய திருப்பாதிரிப்புலியூரில், சமணப் பள்ளிகளை இடித்து, அவற்றைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எழுப்பினானாம். ஒருவருக்குச் செய்த பரிகாரத்துக்கு விலை கொடுத்தவர்கள் வேறு யாரோ. அவர்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. செஞ்சியைச் சுற்றிய ஊர்களில் தமிழ்ச் சமணர்கள் இன்றும் இருக்கிறார்கள். மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது.

*

செய்தவரும் பட்டவரும் நேருக்கு நேர் நின்ற இன்னொரு இடம்: 1974, கனடாவின் எல்மைரா. இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 இடங்களில் சேதம் செய்தார்கள். நன்னடத்தை அலுவலர் மார்க் யான்ட்சி நீதிபதியிடம் ஒரு யோசனை சொன்னார்: இவர்கள் அந்த வீட்டுக்காரர்களைப் போய்ப் பார்க்கட்டும். நீதிபதி ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு கதவாகத் தட்டினார்கள். என்ன உடைத்தோம், எவ்வளவு நஷ்டம் என்று கேட்டுக்கொண்டார்கள். சில மாதங்களில் பணத்தையும் கட்டினார்கள்.

பணத்தைவிட அந்தக் கதவுகள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. உடைக்கும்போது அது வெறும் ஜன்னல். உள்ளே ஆள் இருப்பது கதவு திறந்த பிறகுதான் தெரியவருகிறது. பட்டவருக்கும் ஒரு கேள்வி இருக்கும்: ஏன் என் வீடு? எந்தத் தீர்ப்பிலும் அதற்குப் பதில் எழுதியிருக்காது.

*

இப்படி நேருக்கு நேர் உட்காருவதை நியூசிலாந்து 1989இல் சட்டமாக்கியது. இளையோர் வழக்குகளில் பெரும்பாலானவற்றுக்கும் குடும்பக் கூட்டம் உண்டு. மாவோரிகளின் பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்த பழைய முறையின் மீது எழுந்த கோபம்தான் அதன் வேர். பையன், அவன் வீட்டார், போலீஸ், விரும்பினால் பாதிக்கப்பட்டவர், அவருக்குத் துணை. ஒரு கட்டத்தில் அதிகாரிகள் எழுந்து அறைக்கு வெளியே போய்விடுவார்கள். வீட்டார் மட்டும் தனியே பேசி ஒரு திட்டத்தோடு வருவார்கள். அரசாங்கம் எழுந்து வெளியே போகிறது என்பதை நினைத்துப் பார்க்கவே நமக்குக் கொஞ்சம் பழக வேண்டும்.

*

நம்மிடம் 1920இலேயே சென்னை மாகாணக் குழந்தைகள் சட்டம் வந்துவிட்டது, இந்தியாவில் முதலாவது. இப்போதிருப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். வழக்கைக் கேட்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு நடுவர், இரண்டு சமூகப் பணியாளர்கள், அவர்களில் ஒருவராவது பெண். கண்டித்து அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், நன்னடத்தையில் விடலாம், சிறப்பு இல்லத்துக்கும் அனுப்பலாம். நீதிமன்ற நடவடிக்கை இல்லாமல் தீர்க்கும் வழிகளை ஊக்குவிக்க வேண்டும் என்ற கொள்கையும் அதிலேயே இருக்கிறது. சிறுவனுக்காக இவ்வளவு யோசித்த சட்டம், அவனிடம் அடிபட்டவர் எங்கே உட்காருவார் என்று அதிகம் யோசிக்கவில்லை.

*

2008 மார்ச்சில் பிரியங்கா காந்தி வேலூர் சிறைக்கு வந்து, தன் தந்தை ராஜீவ் காந்தியின் கொலை வழக்கில் சிறையிலிருந்த நளினியைப் பார்த்தார். எந்த நீதிமன்றமும் ஏற்பாடு செய்யாத சந்திப்பு. தன் இழப்போடு சமாதானம் தேடிக்கொள்ளும் வழி அது, முடிவும் தன்னுடையதே என்று பின்னர் சொன்னார். மகளாக அவருக்கு அந்த உரிமை முழுக்க உண்டு. ஆனால் 1991 மே 21 இரவு திருப்பெரும்புதூரில் ராஜீவோடு காவலர்களும் தொண்டர்களும் செத்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கேள்விகள் இருந்திருக்கும். சிறை வாசல் வரை போய் அதைக் கேட்க அவர்களுக்கு யார் வழி செய்வார்கள்?

*

நாங்குநேரி, 2023 ஆகஸ்ட். பட்டியல் சாதி மாணவன் ஒருவனை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அவர்கள் தன்னைத் துன்புறுத்துவதைப் பள்ளியில் சொன்னதுதான் அவன் செய்தது. இதையடுத்துத் தமிழக அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. அறிக்கை 2024 ஜூனில் வந்தது. மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடுப்பதும் அதன் பரிந்துரைகளில் ஒன்று.

செய்தவரும் பட்டவரும் வட்டமாக உட்கார்ந்து பேசட்டும் என்று யாராவது சொன்னால் இந்தப் பையன்தான் என் நினைவுக்கு வருகிறான். வாய் திறந்ததற்காக வெட்டுப்பட்டவன். மறுபடி வாய் திறக்கச் சொல்லித்தானே வட்டத்துக்கு அழைப்போம்?

கட்டப்பஞ்சாயத்தும் உட்கார்ந்து பேசுவதுதான். சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் அதைக் கண்டித்தது. அங்கேயும் மன்னிப்பு உண்டு. “போனது போகட்டும், பையன் வாழ்க்கை கெட்டுடும், விட்டுக்கொடுப்பா” என்பார்கள். எப்போதும் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியவர், ஊரில் நாளைக்கும் தண்ணீருக்கும் வேலைக்கும் அவர்களையே நம்பியிருப்பவர்.

ஆகவே எனக்கு வட்டத்தைவிட, அதற்கு ஆள் அழைக்கப் போகிறவர்தான் முக்கியம். ஊர்ப் பெரியவரோ தலைமை ஆசிரியரோ போனால் பட்டவர் வீட்டில் ‘முடியாது’ என்று சொல்ல முடியாது. வெளியூர் நன்னடத்தை அலுவலர் போக வேண்டும், பலமுறை போக வேண்டும், வெட்டுப்பட்ட பையனின் அம்மாவிடம் தனியாகப் பேச வேண்டும். அவள் வேண்டாம் என்றால், ஏன் என்று ஒரு வார்த்தையும் கேட்காமல் கோப்பில் அப்படியே எழுதிவிட்டு பஸ் ஏற வேண்டும்.