உத்தம சம்யமமும் ஊர் ஏரியும்



சென்ற தசலட்சணப் பருவத்தின் ஆறாம் நாளன்று, எங்கள் ஊர் ஜினாலயத்தில் உத்தம சம்யமம் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு என்னைப் பணித்தார்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாய் ஆதலால் அச்சில சொற்கள் ஒரு மணி நேரத்தைக் கடந்துவிட்டன. பேசியதை எழுதித் தருமாறு இதழார் கேட்டனர். எழுதும்பொழுது, அன்று எல்லோர் முன்னும் சொல்லக் கூசிய ஒன்றையும் சேர்த்துள்ளேன்.

சம்யமம் என்பது அடக்கம். அது இரு வகைப்படும். உயிர்களைக் காத்தல் பிராணி சம்யமம். புலன்களையும் மனத்தையும் கட்டுக்குள் நிறுத்தல் இந்திரிய சம்யமம். நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றை உடலாகக் கொண்ட உயிர்கள், மரஞ்செடி கொடிகள் ஆகிய ஐந்தும் நிலையுயிர்கள். புழு முதலாகப் புள், விலங்கு, மனிதர் வரை இயங்குயிர்கள். இந்த அறுவகை உயிர்களையும் சிறுவயதில் மனப்பாடம் செய்திருக்கிறோம். அவை ஓரிடத்தில் கூடி வாழ்வதைக் காண விரும்பினால் ஊர் ஏரிக்கரைக்குப் போங்கள். தீயுடல் உயிர் ஒன்றுதான் அங்கே இராது. கோடையில் கோரையைக் கொளுத்துவோர் அதனையும் கொண்டுவந்து விடுகின்றனர்.

2018ஆம் ஆண்டு வைகாசியில் எங்கள் ஊர் இளைஞர் சிலர், நம்மவரும் பிற சமயத்தவருமாகச் சேர்ந்து, ஞாயிறுதோறும் ஏரியில் ஊதியமின்றிப் பணி செய்ய முடிவு செய்தனர். சீமைக்கருவேல மரங்களை அகற்றுவது, வரத்துக்கால்வாயில் அடைந்த குப்பையை வாருவது, வண்டலை எடுத்துக் கரையைப் பலப்படுத்துவது, கரையில் பனங்கொட்டை ஊன்றுவது என்பன அவர்கள் எண்ணம். அவர்களுள் ஒருவன் என்னிடம் படித்தவன். ஜினாலயத்து முன்மண்டபத்தில் என்னைக் கண்டு, "டீச்சர், முதல் நாள் நீங்கள் வந்து தொடங்கி வைக்கவேண்டும்" என்று கேட்டான்.

நான் சொன்ன விடை இது: "தம்பி, நிலத்தைப் பிளக்கும் தொழில் சிராவகர்க்கு விலக்கப்பட்ட கொடுந்தொழில்களுள் ஒன்று. ஒரு மண்வெட்டி வெட்டில் எத்தனை உயிர் மடியும் என்று எண்ணிப் பார்த்தாயா? நான் வரமாட்டேன். நீயும் போகாதே."

பத்துப்பேர் கேட்கச் சொன்னேன். அவன் மறுமொழி கூறாமல் கைகூப்பிவிட்டுப் போனான். அடுத்த ஞாயிறு நம் வீட்டுப் பிள்ளைகள் ஒருவரும் ஏரிக்குச் செல்லவில்லை. மற்றவர்கள் சில வாரங்கள் செய்து பார்த்து, ஆள் போதாமல் நிறுத்திவிட்டனர். நெறியைக் காத்துவிட்டதாக நான் மகிழ்ந்திருந்தேன்.

அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019ஆம் ஆண்டு சித்திரையில் ஏரி முழுதும் வறண்டு, மதகடியில் ஒரு குட்டை மட்டும் எஞ்சியது. வண்டல் மேவிய ஏரியாதலால் அக்குட்டையும் முழங்கால் ஆழமே இருந்தது. அக்கம்பக்கத்து நீரிலிருந்த உயிரெல்லாம் அங்கே ஒதுங்கின. ஒரு நாள் காலை நான் சென்று பார்த்தபொழுது அங்கே நீர் இல்லை, சேறுதான் இருந்தது. அந்தச் சேற்றில் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஓர் ஆமை வெடித்த மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. காகங்கள் காத்திருந்தன. ஒரு வாரம் வரை எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர முடியாதபடி நாற்றம் வீசியது.

என் சொல்லால் ஏரி வற்றியது என்று கூற வரவில்லை. மழை பொய்த்ததற்கு நான் பொறுப்பல்லேன். பல்லாண்டுகளாகச் சேர்ந்த வண்டலைச் சில ஞாயிறுகளில் எடுத்துவிடவும் இயலாது. ஆயினும், மதகடியில் ஒரு பள்ளமாவது ஆழமாக இருந்திருந்தால் அவ்வுயிர்களுள் சில மழைவரை தாங்கியிருக்கும் என்ற எண்ணம் என்னை உறங்கவிடவில்லை.

மறுபடியும் நூல்களை எடுத்தேன். ஆசாதர பண்டிதர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய சாகார தர்மாமிருதத்தில், விலக்கத்தக்க கொடுந்தொழில்கள் பதினைந்து கூறப்படுகின்றன. நிலத்தைப் பிளந்து பிழைக்கும் தொழில் அவற்றுள் ஒன்று என்பது உண்மை. ஆனால் அதே வரிசையில் 'சரச்சோஷம்', அதாவது நீர்நிலையை வற்றச் செய்தல் என்பதும் உள்ளது. ஒன்றை நான் நினைவில் வைத்திருந்தேன், மற்றதை மறந்திருந்தேன். வற்றச் செய்வது பாவமாயின், வற்றும் என்று அறிந்தும் கைகட்டி இருப்பது எதில் சேரும்?

அடுத்து, சமந்தபத்திர சுவாமிகளின் இரத்தினகரண்டக சிராவகாசாரம். நம் தமிழ் அருங்கலச்செப்பு அதன் வழிவந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். மண்ணை அகழ்தல், நீரைக் கலக்குதல், தீ மூட்டல், செடிகொடியை வெட்டல், வீணே அலைதல் ஆகியன அங்கே அனர்த்ததண்டத்தின்கண் கூறப்படுகின்றன. அனர்த்தம் என்றால் பயனின்மை. பயனின்றி அகழ்தல் என்பதே விலக்கு. அடைமொழியை விட்டுவிட்டுப் படிப்பது மாணவர் செய்யும் பிழை. எத்தனை விடைத்தாள்களில் அதனைச் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்! நானே அப்பிழையைச் செய்திருக்கிறேன்.

அந்த வகைக் குற்றத்துக்கு நூல் இட்ட பெயர் பிரமாத சரியை. இக்காலத்தில் கச்சேரி நன்றாக இருந்தால் பிரமாதம் என்கிறோம். ஆகமத்தில் பிரமாதம் என்பது அசட்டை, சோர்வு. சோர்வினால் உயிரைக் கெடுத்தலே ஹிம்சை என்று உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் வரையறுக்கிறார். மண்வெட்டி எடுத்தவனிடம் சோர்வு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். திண்ணையில் அமர்ந்து தடுத்தவளிடம் அது நிச்சயமாக இருந்தது.

ஆகவே ஏரியை வெட்டுவதில் ஹிம்சையே இல்லை என்று யாரும் கொள்ள வேண்டா. அது ஆரம்ப ஹிம்சை. உழவிலும் அடுப்படியிலும் உள்ளது போல இதிலும் உண்டு. குறைக்கலாம், முற்றும் ஒழிக்க இல்லறத்தாரால் இயலாது. குறைப்பது எப்படி என்பதே நமக்குரிய கேள்வி.

நம் முன்னோர் இக்கேள்வியை அறியாதவரல்லர். போளூரை அடுத்த திருமலைக்குச் சென்று சிகாமணிநாதரை வணங்காத குடும்பம் நம்மிடையே குறைவு. அம்மலையின் அடிவாரத்துப் பாறையில் முதலாம் இராசராசனின் இருபத்தொன்றாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று செய்யுளாக உள்ளது, கி.பி. 1005-06ஐ ஒட்டியது. குணவீர மாமுனிவர் என்ற நம் துறவி, கணிசேகர மருபொற்சூரியன் என்பவர் பெயரால் ஒரு கலிங்கு அமைத்து, இருபுறமும் நெல் விளையக் கண்டார் என்பது அதன் செய்தி. மண்ணைத் தோண்டலாகாத மாமுனிவர் கலிங்கு அமைத்த வரலாற்றை எப்படிப் பொருத்துவது என்று கேட்கலாம். தம் கையால் ஒரு கல்லையும் புரட்டியிருக்க மாட்டார். ஊரார் செய்ய, அவருடைய அருள்மொழி துணைநின்றிருக்கும் என்பது என் கருத்து. மாமுனிவரே துணைநின்ற பணிக்கு நான் தடை சொன்னேன்.

2019 செப்டம்பரில், பருவம் நிறைவுற்ற மறுநாள், க்ஷமாவணியன்று அந்த இளைஞன் வீட்டுக்குச் சென்றேன். அன்று எல்லோரும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பது வழக்கமாதலால், அவன் அதனை வழக்கமென்றே எண்ணி என் காலைத் தொட வந்தான். "இது வழக்கத்துக்காக அன்று தம்பி, உன்னிடம் தனியே கேட்க வேண்டியது" என்றேன். அவன் தாயார் உள்ளே சென்று அழுதார் என்று பின்னர் அறிந்தேன். ஊரார் முன் நான் சொன்ன சொல் அக்குடும்பத்தை எவ்வளவு வருத்தியிருந்தது என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

2020இல் ஊரடங்கு வந்தது. 2021ஆம் ஆண்டு முதற்கொண்டு பணி நடைபெறுகிறது. முதல் நாளே அப்பிள்ளைகள், "டீச்சர், எப்படிச் செய்தால் குறைவாகச் சாகும் என்று நீங்களே சொல்லுங்கள்" என்றனர். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பாடத்திட்டம் எழுதிப் பழகிய கை எனக்கு. எழுதிக் கொடுத்தேன், பிறகு அவர்களே திருத்தினர்.

மண் எடுப்பதை, உரிய அனுமதி பெற்று, ஏரிப்படுகை நன்கு உலர்ந்த பின் வைகாசி, ஆனியில் மட்டும் செய்கிறார்கள். ஈர மண்ணில்தான் உயிர்கள் மிகுதி. மதகடிப் பள்ளத்தை முதலில் ஆழப்படுத்தி, பின்னர் அதனைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். கோடையில் மீனுக்கும் ஆமைக்கும் அதுவே புகலிடம். கருவேலமரத்தை வெட்டுமுன் ஒருவர் சுற்றி வந்து கூடு இருக்கிறதா என்று பார்க்கிறார். கூடு இருந்தால் குஞ்சு பறக்கும் வரை அம்மரம் நிற்கும். வெட்டிய முள்ளைக் கொளுத்துவதில்லை. களைக்கொல்லி தெளிப்பதில்லை. மழைக்காலத்தில் பசும்புல் மூடிய சரிவில் மிதிப்பதில்லை. மழைக்கால நான்கு திங்களும் முனிவர்கள் ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாசம் எதற்காக என்று சொன்னவுடன் பிற சமயப் பிள்ளைகளும் உடன்பட்டனர். எடுத்த வண்டல் உழவர் நிலங்களுக்குப் போகிறது.

என் பங்கு எளியது. கரையில் பனைநிழலில் அமர்ந்து நீர் வடித்துக் கொடுக்கிறேன். அந்நீரை ஏரிக்கரைக் கிணற்றிலிருந்தே எடுக்கிறோம். வடிதுணியில் தங்கியதை அலசி, எடுத்த கிணற்றிலேயே மெல்ல இறக்கிவிடவேண்டும் என்ற விதியை நீங்கள் அறிவீர்கள். பெரும்பாலான வீடுகளில் இப்பொழுது குழாயும் வடிகட்டும் இயந்திரமும் வந்துவிட்டன. துணியில் தங்கிய உயிரைத் திரும்ப அதன் வீட்டில் விடும் வழக்கத்தை நம் குழந்தைகள் முதன்முதலாகப் பார்த்தது அந்தக் கரையில்தான்.

தீராத ஒன்றும் உண்டு. ஏரியின் மீன்பாசி ஏலத்தொகையில் ஒரு பகுதியைப் பணிக்குத் தரலாம் என்ற பேச்சு எழுந்தது. செய்தல், செய்வித்தல், உடன்படல் மூன்றும் ஒன்றே என்பது நம் நெறி. அத்தொகையில் நாம் மண்வெட்டி வாங்கலாகாது என்றேன். நம்மவர் ஏற்றனர். மற்ற பிள்ளைகள், "ஏரி எல்லாருக்கும் பொது, மீன் பிடித்துப் பிழைக்கும் குடும்பமும் இங்கே உள்ளதே" என்றனர். அவர்களைக் கடிய எனக்கு உரிமை இல்லை. இப்போதைக்கு மண்வெட்டிகள் நம் வீடுகளில் இருந்து போகின்றன.

இனி இந்திரிய சம்யமம். ஏரியைக் காப்பது எளிதாகி வருகிறது. ஏரியில் மகிழ்வதுதான் கடினம். நீர் நிறைந்தவுடன் கூட்டம் வருகிறது. ஒலிபெருக்கி, கைப்பேசிப் பாட்டு, நாரைமேல் கல்லெறிதல், பொரித்த தீனிப் பொட்டலம்.

புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் சென்றவர்கள் அறிவர் கோயிலின் விதானத்தை நினைவுகூருங்கள். அங்கே ஒரு தாமரைத் தடாகம் தீட்டப்பட்டுள்ளது. மீனும் அன்னமும் யானையும் எருமையும் நீரில் இருக்க, சிலர் தாமரை கொய்கின்றனர். சமவசரணத்தின் காதிகா பூமியில் பவ்வியர் மகிழும் காட்சி என்று அறிஞர் விளக்குவர். 9ஆம் நூற்றாண்டில் அக்கோயிலைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்று கல்வெட்டுக் கூறுகிறது. (ஆசிரியர் என்ற சொல்லைக் கண்டதும் எனக்குச் சிறிது பெருமை, மன்னிக்கவும்.) மனிதர் இறங்கியும் அங்கே ஒரு பறவையும் வெருண்டு பறக்கவில்லை. நீர்நிலையில் மகிழ்வதை நம் அறம் விலக்கியிருந்தால் விதானத்தில் அதற்கு இடம் கொடுத்திருப்பார்களா?

உண்மையில் அவ்வாறு வாழும் ஊர்களும் உள்ளன. வேடந்தாங்கல் மக்கள், ஏரிப் பறவைகளைச் சுட்ட வெள்ளையர் மீது முறையிட்டு, 1798இல் ஆட்சியர் லயனல் பிளேசிடம் பாதுகாப்பு உரிமை பெற்றனர். பறவை எச்சம் கலந்த நீர் அவர்கள் வயலுக்கு உரம் என்பதும் ஒரு காரணமே. அதனால் அந்த அறம் சிறுத்துவிடாது. 2022இல் அவ்வேரி ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிக் காப்பகத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில், பறவைகள் அஞ்சும் என்று தீபாவளியன்று வெடி வெடிப்பதில்லை. மகாவீரர் முத்தி பெற்ற அந்நாளில் நம் வீதிகளில் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

எங்கள் ஏரி 2021 நவம்பரில் கலிங்கு வழிந்தது. அன்று மாலை கரையில் ஏறக்குறைய நாற்பது பேர் நின்றோம். முக்குளிப்பான் நீரில் மூழ்கி எங்கே எழும் என்று சிறுவர்கள் மூச்சடக்கிக் காத்திருந்தனர். வகுப்பில் அத்தனை அமைதியை நான் ஒருநாளும் பெற்றதில்லை.

வரத்துக்கால்வாயில் இன்னும் ஒரு பகுதி மீதம் உள்ளது. ஐப்பசி மழைக்கு முன் அதனை முடிக்கவேண்டும். அவரவர் ஊரில் இத்தகைய பணிக்குச் செல்வோர்க்கும் இதையே சொல்கிறேன்: மண்வெட்டியோடு ஒரு வடிதுணியும் எடுத்துச் செல்லுங்கள். விடியுமுன் போகவேண்டா. காலடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் வந்தபின் கரையில் இறங்குங்கள்.