தேர்க்காலும் காப்புறுதிச் சீட்டும்

திருவாரூரில் தேர்க்காலில் அகப்பட்டு மாண்ட கன்றின் கதை தமிழ் மாணவர் யாவரும் அறிந்ததே. அரசிளங்குமரன் தேரூர்ந்து சென்றான். துள்ளி வந்த இளங்கன்று ஒருவரும் காணாதவாறு உருளைகளுக்கிடையே புகுந்து மடிந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. கழுவாய் செய்துகொண்டால் போதும் என்றார் அமைச்சர். மன்னனோ, பிறனொருவன் கொன்றால் அவனுக்கொரு நீதி, தன் மகன் கொன்றால் வேறொரு நீதியோ என்று வினவித் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். சேக்கிழார் பெரியபுராணத்துத் திருநகரச் சிறப்பில் விரித்துரைக்கும் இந்நிகழ்ச்சியை நடுவுநிலைமைக்குச் சான்றாகவே ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துரைப்பர். சாலை விபத்தொன்றின் தீர்ப்பாக இதனைப் படிப்போர் மிகச் சிலர்.

அவ்வாறு படித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். மன்னன் இளவரசனின் வயதைக் கணக்கிடவில்லை. தேரின் வகையையோ அதன் வேகத்தையோ ஆராயவில்லை. கடந்த பத்தாண்டுகளில் சோழநாட்டு இளைஞர்கள் ஓட்டிய தேர்களால் எத்தனை கன்றுகள் மாண்டன என்று கணக்கரை அழைத்துக் கேட்கவுமில்லை. இவன் செய்தது யாது என்பது ஒன்றே அவன் முன் நின்ற கேள்வி. இன்று பினாங்கில் காருக்குக் காப்புறுதி எடுக்கச் செல்லும் ஒருவரிடம் கேட்கப்படுவனவோ, மன்னன் கேளாது விட்ட கேள்விகளே. இவ்விரு நெறிகளுள் எது நீதியுடையது?

ஒருவர் தம் காருக்குக் காப்புறுதி எடுப்பது அவரவர் விருப்பத்தைப் பொறுத்ததன்று. 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, பிறருக்கு நேரும் உயிர்ச்சேதத்திற்கும் உடற்காயத்திற்கும் ஈடு செய்யும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியேனும் இல்லாமல் எவரும் சாலையில் வண்டியோட்டலாகாது. இதன் காரணம் எளிது. ஆயர் ஈத்தாம் சந்தையருகே சாலையைக் கடக்கும் மூதாட்டி, தம்மை மோதும் கார் செல்வனுடையதா வறியவனுடையதா என்று தேர்ந்தெடுத்து அடிபட முடியாது. மோதியவனிடம் பொருளில்லை என்பதற்காக அவர் இழப்பீடின்றி நிற்பது அறமாகாது. ஆதலின் வண்டியோட்டுவோர் அனைவரும் சேர்ந்து ஒரு பொதுப் பையை நிரப்புகின்றனர்.

பொதுப் பை என்பது தமிழர்க்குப் புதிதன்று. மலாயாவில் சங்கங்கள் பல நடத்திய மரண சகாய நிதி அத்தகையதே. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரே அளவு சந்தா செலுத்துவர். இருமல்காரனுக்கு இவ்வளவு, வலுவான உடம்புக்காரனுக்கு இவ்வளவு என்று அங்கே பிரித்ததில்லை. சாவு எவர் வீட்டிற்கு வந்தாலும் பை திறக்கும். 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மலேசியாவில் நிலைபெற்ற தக்காஃபுல் முறையும், செலுத்தும் பணத்தின் ஒரு பகுதியைப் பிறர் துயர் நீக்கும் நன்கொடையாகக் கருதும் கோட்பாட்டின்மேல் எழுந்ததாகும். பகிர்தலே இவற்றின் உயிர். ஆயினும் பகிர்வோர் அனைவரும் ஒரே அளவு செலுத்த வேண்டுமா, அவரவரால் விளையக்கூடிய இடருக்கேற்பச் செலுத்த வேண்டுமா என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

நெடுங்காலம் இந்நாட்டில் இவ்வினாவுக்கு ஒரு பட்டியலே விடையாக இருந்தது. எந்த நிறுவனத்திற்குச் சென்றாலும் அடிப்படைக் கட்டணம் ஒன்றே. காரின் பொறி எத்தனை சி.சி., அதன் மதிப்பு எவ்வளவு, அது தீபகற்பத்தில் ஓடுகிறதா சபா சரவாக்கில் ஓடுகிறதா என்னும் மூன்றே அதனை முடிவு செய்தன. 2017-க்குமுன் கடைசியாக நடப்பிலிருந்த பட்டியலின்படி, 1400 சி.சி.க்கு மேற்படாத ஒரு காருக்குத் தீபகற்பத்தில் முழுக் காப்புறுதி எடுப்பவர், முதல் ஆயிரம் வெள்ளி மதிப்பிற்கு 273.80 வெள்ளியும், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆயிரத்திற்கும் 26 வெள்ளியும் செலுத்த வேண்டும். நாற்பதாயிரம் வெள்ளி மதிப்புள்ள மைவி காரொன்றுக்கு இது 1,287.80 வெள்ளியாகும். வரியும் முத்திரைக் கட்டணமும் வேறு. ஓட்டுபவர் பத்தொன்பது வயது இளைஞரா, ஐம்பது வயதுத் தலைமையாசிரியரா என்று பட்டியல் பார்ப்பதில்லை.

ஓட்டும் முறைக்கேற்ப வேறுபாடு காட்டியது ஒன்றே ஒன்று. அது என்.சி.டி. என வழங்கும், இழப்பீடு கோராதோர்க்குரிய கழிவு. தனியார் கார்களுக்கு அது ஆண்டுதோறும் 25, 30, 38.33, 45, 55 விழுக்காடு என ஏறிச் செல்லும். ஐந்தாண்டுகள் இழப்பீடு கோராதிருந்தவர் அதே மைவிக்கு 579.51 வெள்ளி செலுத்தினால் போதும். புதிதாக வந்தவருக்கு முழுத்தொகை. இவ்வேறுபாட்டைக் குறைகூற இயலாது. ஏனெனில் இது வகுப்பைப் பார்ப்பதன்று, ஆளைப் பார்ப்பது. இன்று முழுத்தொகை செலுத்தும் இளைஞரும் ஐந்தாண்டு பொறுத்தால் அதே படியில் ஏறி நிற்கலாம்.

ஆனால் அந்தப் பட்டியலும் குற்றமற்றதன்று. அதே கார், அதே மதிப்பு, ஓடும் இடம் மட்டும் கோத்தா கினபாலு என்றால் முதல் ஆயிரத்திற்கு 196.20, பிறகு ஆயிரத்திற்கு 20.30 வெள்ளி, ஆகக் கூடுதல் 987.90. ஓர் ஆசிரியர் சபாவிலிருந்து பினாங்கிற்கு மாற்றலாகி வந்தால், அதே கண், அதே கை, அதே கார், ஆயினும் முந்நூறு வெள்ளி கூடுகிறது. கடலைக் கடந்ததால் அவர் கவனம் குறைந்துவிட்டதா? இல்லை. அவர் வந்து சேர்ந்த சாலை நெரிசல் மிக்கது. அச்சாலையில் அவர் பிறரை மோதாவிடினும் பிறர் அவரை மோதுவர். 1985-இல் பாலம் திறக்கப்பட்ட ஆண்டிலேயே புரோட்டான் சாகாவும் விற்பனைக்கு வந்தது. 1994-இல் கஞ்சில் வந்தது. படகிலும் பேருந்திலும் சென்ற குடும்பங்கள் கார் வாங்கின. ஜார்ஜ் டவுனின் லெபோ சூலியா போன்ற பழந்தெருக்களோ கார்களைக் கனவிலும் காணாத காலத்தில் அமைந்தவை. அந்நெரிசலின் விலையை அனைவரும் பகிர்கின்றனர்.

2016, 2017-ஆம் ஆண்டுகளில் நிலை மாறியது. மத்திய வங்கியாகிய பேங்க் நெகாரா பட்டியல் முறையைப் படிப்படியாகத் தளர்த்தியது. 2017 ஜூலை 1 முதல், மூன்றாம் தரப்புக் காப்புறுதி பட்டியலிலேயே நிற்க, முழுக் காப்புறுதிக்குரிய கட்டணத்தை நிறுவனங்களே வகுக்கலாம் என்றாயிற்று. அதன்பின் ஒரே தெருவில் வாழும் இருவர், ஒரே மதிப்புள்ள இரு கார்களுக்கு வெவ்வேறு தொகை செலுத்தும் நிலை தோன்றியது. காரின் வகை பார்க்கப்படுகிறது. உதிரிப் பாகங்களின் விலை, பழுது பார்க்கும் செலவு, பாதுகாப்புக் கருவிகள், அவ்வகைக் கார்கள் திருட்டுப்போகும் அளவு ஆகியன எண்ணப்படுகின்றன. ஓட்டுநரின் வயது, பால், முன்னாளைய இழப்பீட்டு வரலாறு ஆகியவையும் சேர்கின்றன.

இவற்றுள் சில நேரிய காரணங்கள். விலையுயர்ந்த பாகங்கள் கொண்ட காரை வாங்கியவர், அது உடைந்தால் ஆகும் செலவை மற்றவர் தலையில் ஏற்ற விரும்புவது முறையன்று. வாங்குமுன் எண்ணிப் பார்க்க அவருக்கு வாய்ப்பிருந்தது. ஆனால் திருட்டுக் கணக்கோ வேறு வகையானது. சிக்கனம் கருதி, பலரும் வாங்கும் ஓர் எளிய காரை ஒருவர் வாங்குகிறார். பலரும் வாங்குவதாலேயே அதன் பாகங்களுக்குக் கள்ளச் சந்தையில் கிராக்கி ஏற்படுகிறது. கள்வனின் விருப்பத்திற்கு உடையவன் கப்பம் கட்டுகிறான்! கட்டணம் கூடுவதற்குக் காரணம் உண்டு என்பது மெய்யே. அக்காரணம் அவருடைய குற்றமன்று என்பதும் மெய்யே. காரணத்தையும் குற்றத்தையும் வேறு பிரித்தறியாமல் பேசுவதால்தான் இப்பொருளில் வாதங்கள் முடிவின்றி நீள்கின்றன.

இளைஞர் நிலைதான் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஜேக்கப் பெர்னூலியின் நூல் 1713-இல் வெளிவந்த காலந்தொட்டு அறிஞர் அறிந்த உண்மையொன்றுண்டு. தனியொருவன் நாளை என் செய்வான் என்று எவரும் கூறவியலாது. ஆயிரமாயிரம் பேர் ஓராண்டில் என் செய்வர் என்பதைப் பெரிதும் பிழையின்றிக் கூறலாம். காப்புறுதித் தொழில் இவ்வறிவின்மேல் நிற்பது. இளைஞர்கள் ஒரு கூட்டமாக அதிக விபத்துகளுக்கு உள்ளாகின்றனர் என்பது பல நாட்டுக் கணக்குகளும் காட்டும் உண்மை. ஆனால் இன்று உரிமம் பெற்ற இந்த இளைஞன் இன்னும் எவரையும் மோதவில்லை. அவன் வயதினர் செய்த பிழைக்கு அவன் முன்பணம் செலுத்துகிறான்.

வகுப்பறையில் பழகியவர்க்கு இது தெரியாத செய்தியன்று. குறும்புக்காரன் ஒருவனின் தம்பி முதலாம் ஆண்டில் வந்து அமர்கிறான். ஆசிரியர் அவன் பெயரைக் கேட்டதும் புருவத்தை உயர்த்துகிறார். அண்ணனைப் பற்றிய அவருடைய அறிவு பொய்யன்று. தம்பியைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை என்பதே குறை. எனினும் ஓர் ஆசிரியர் முப்பது முகங்களை ஓராண்டு முழுதும் பார்க்கிறார். தம் எண்ணத்தைத் திருத்திக்கொள்ள அவருக்கு நாள்கள் உண்டு. காப்புறுதி நிறுவனமோ எவர் முகத்தையும் பார்ப்பதில்லை. ஆகவே, கணக்கைத் திருத்தும் வழியைச் சட்டமே அமைத்துத் தருதல் வேண்டும்.

சில நாடுகள் அவ்வாறு முயன்றுள்ளன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து வாக்காளர்கள் 1988-இல் ஒரு சட்டத்தை நிறைவேற்றினர். ஓட்டுநரின் பாதுகாப்பு வரலாறு, ஆண்டில் ஓட்டும் தொலைவு, ஓட்டிய ஆண்டுகளின் எண்ணிக்கை என்னும் மூன்றுக்கே கட்டணத்தில் முதலிடம் தர வேண்டும் என்றது அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமோ, 2011-இல் அளித்த தீர்ப்பால், ஆண் பெண் என்னும் வேறுபாட்டின்படி கட்டணம் வகுப்பதை 2012 டிசம்பர் 21 முதல் விலக்கியது. இளம்பெண்களுக்கு அதுவரை கிடைத்துவந்த சலுகை இதனால் போயிற்று. சமன்மை என்பது எப்போதும் குறைவாகச் செலுத்துவதன்று என்பதை அவர்கள் அன்று அறிந்தனர்.

வகுப்புப் பிரிவினையே கூடாது, மரண சகாய நிதிபோல் அனைவரும் ஒன்றே செலுத்தட்டும் என்பார் உளர். அவர்கள் கூற்றில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது. ஆனால் சாவு எவரும் வேண்டி வருவதன்று. வேகமோ ஒருவர் தாமே மிதித்துப் பெறுவது. பொறுப்பின்றி ஓட்டுபவனும் பொறுமையாக ஓட்டுபவனும் ஒன்றே செலுத்தினால், பொறுமைக்காரன் மற்றவனுக்குப் பணம் கொடுத்து வேகமாக ஓட்டச் சொன்னதாகிவிடும். ஆகவே பிரித்தல் தவறன்று. ஒருவனை ஒரு பிரிவில் வைத்தபின், தன் ஒழுக்கத்தால் அவன் அதிலிருந்து வெளியேறக் கதவு திறந்திருக்கிறதா என்பதே உரைகல். இளைஞனுக்குக் கதவு உண்டு. வயது ஏறும், கழிவும் ஏறும். விருப்பத்தோடு விரைவுக்கார் வாங்கியவனுக்கும் உண்டு, அதனை விற்கலாம். கதவில்லாதவன் வறியவன். இருபதாண்டுப் பழங்காரை ஓட்டுபவன் அதன்மேல் கொண்ட காதலால் ஓட்டவில்லை. அத்தகைய வண்டிகளைத் தனி நிறுவனங்கள் ஏற்கத் தயங்கியதால்தான், அனைத்து நிறுவனங்களும் கூடி ஏற்கும் பொதுத்தொகுதி 1992-இல் இந்நாட்டில் அமைக்கப்பட்டது. பகிர்தல் என்னும் பழைய அறம், கணக்கு கைவிட்ட இடத்தில் மீண்டும் தலைகாட்டியது எனலாம்.

2017 நவம்பர் 4, 5 நாள்களில் பினாங்கில் பெய்த பேய்மழையும் இதனையே உணர்த்திற்று. முழுக் காப்புறுதி என்ற பெயர் இருந்தும், தனியே பணம் செலுத்தி வெள்ளக் காப்பைச் சேர்த்துக்கொள்ளாதவரின் கார் நீரில் மூழ்கினால் இழப்பீடு இல்லை. தாழ்ந்த நிலத்தில் குடியிருப்போர் நல்ல ஓட்டுநரா தீய ஓட்டுநரா என்று வெள்ளம் கேட்டதில்லை.

இனிக் கழிவைப் பற்றி ஒரு சொல். அது நற்சான்றிதழ் போலத் தோன்றுவது. 55 விழுக்காடு பெற்றவர் அதனைப் பெருமையுடன் கூறிக்கொள்வர். உண்மையில் அது விபத்தின்மைக்குக் கிடைப்பதன்று. இழப்பீடு கோராமைக்குக் கிடைப்பது. தம் பிழையால் ஒருமுறை இழப்பீடு கோரினால், 55 ஒரே நாளில் சுழியாகும். மீண்டும் அப்படியை எட்ட ஐந்தாண்டுகள். காரின் மதிப்பு மாறாதிருப்பதாகக் கொண்டால், மேற்கூறிய மைவிக்கு அவ்விடைவெளியில் கூடுதலாகச் செலுத்த நேர்வது ஏறத்தாழ 1,760 வெள்ளி. ஆகவே ஆயிரம் வெள்ளிச் சேதத்தைப் பட்டறையில் தாமே பணம் கொடுத்துச் சரிசெய்துகொண்டு வாய்திறவாதிருப்பது அறிவுடைமை. அதில் குற்றமில்லை. ஆனால் அவர் கழிவும், பிழையே செய்யாத மற்றொருவர் கழிவும் ஒன்றாகவே நிற்கின்றன. கையில் ஆயிரம் வெள்ளி இல்லாதவரின் கழிவு மட்டுமே போகிறது.

இவையெல்லாம் அறிந்த தந்தையர் கண்டுபிடித்த வழியொன்று ஊரெங்கும் உண்டு. மகனுக்கு வாங்கும் காரைத் தம் பெயரில் பதிந்துகொள்வர். ஐம்பது வயதுக்காரரின் பெயரிலும் கழிவிலும் பத்தொன்பது வயது மகன் பாயான் லெப்பாஸுக்கு நாள்தோறும் ஓட்டிச் செல்வான். முதன்மை ஓட்டுநர் யார் என்று முகவர் கேட்கும்போது தந்தை தம் பெயரையே கூறுவார். பொய் என்று அவர் எண்ணுவதில்லை. பிள்ளைப்பாசம் என்றே எண்ணுவார். மனுவேந்தன் மகனைத் தேர்க்காலில் இட்டான். இத்தந்தையோ மகனுக்காகத் தம்மையே இடுகிறார். பாலத்தின் இறக்கத்தில் ஒருநாள் மகன் முன்னால் நின்ற வண்டியை மோதுகிறான். தந்தை காவல்நிலையத்திற்கும் பட்டறைக்கும் நடக்கிறார். இருபத்தொன்று நிறையாதவன் ஓட்டியதால் முதல் 400 வெள்ளியை அவரே ஏற்க வேண்டும் என்கிறது காப்புறுதிச் சீட்டு. அவர் ஐந்தாண்டுகளில் ஈட்டிய 55 விழுக்காடு சுழியாகிறது. மகன் பெயரில் அழிவதற்கு ஒரு கோடும் இல்லை.