ஓய்ச்சல்

காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இப்போது கடல் இல்லை. 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமாகிறது. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் எல்லாம் அந்தப் பக்கம் போகின்றன.

அலைக்கு இது தெரியாது.

*

காஞ்சிக்குப் பழகிய தண்ணீர் வேறு. படிக்கட்டு உள்ள தண்ணீர். சர்வதீர்த்தம். அனந்தசரஸ்.

அதே 2019-இல், ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, அத்திவரதர் வெளியே இருக்கிறார். பிறகு மறுபடி அனந்தசரஸ் குளத்தின் அடியில். 40 ஆண்டு, அசையாத நீரில்.

*

மாமல்லபுரம். காஞ்சியிலிருந்து 65 கிலோமீட்டர்.

குப்பத்து மணல் உள்ளங்காலில் ஜில்லென்கிறது. விடியவில்லை. காற்று மேற்கிலிருந்து வந்து முதுகில் படுகிறது.

“கச்சான்” என்கிறார் அண்ணன். வேறு எதுவும் சொல்லவில்லை.

*

ஃபைபர் படகு. பின்புறம் டீசல் எஞ்சின். அதிலிருந்து நீளமான இரும்புத் தண்டு, நுனியில் விசிறி. கைப்பிடியை அழுத்தினால் தண்டு தண்ணீரை விட்டு மேலே வருகிறது. தளர்த்தினால் இறங்குகிறது.

ரிவர்ஸ் கியர் கிடையாது. பிரேக் கிடையாது.

*

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் பெரும்பாலும் ஃபைபர்தான். அதற்கு முன் கட்டுமரம். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்கிறார்கள். இறைக்க வேண்டியதும் இல்லை. ஏறிய தண்ணீர் கட்டைகளுக்கு நடுவே தானே வழிந்து போகிறது.

ஃபைபர் வேகமானது. ஆனால் வந்த தண்ணீரை உள்ளேயே வைத்துக்கொள்கிறது.

*

படகு இறங்கத் தயார். யாரும் தள்ளவில்லை.

நிற்கிறோம்.

*

அலை வருகிறது. இன்னொன்று. அதைவிடப் பெரிதாக ஒன்று. அதன் பின்னால் ஒன்று. பிறகு சின்னது, சின்னது.

எங்கோ வெகுதூரத்தில், வேறொரு நாள் வீசிய காற்று இது. நீளம் மாறுபட்ட அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வருகின்றன. உச்சியும் உச்சியும் சேரும் இடத்தில் பேரலைகள் கூட்டமாக எழுகின்றன. உச்சியும் பள்ளமும் சேரும் இடத்தில் கடல் சற்று நேரம் எதுவும் செய்வதில்லை.

அதற்குத்தான் நிற்கிறோம். ஓய்ச்சல்.

*

பீடி அணைந்துவிட்டது. அண்ணன் அதைக் கவனிக்கவில்லை.

*

ஓய்ச்சல் வருகிறது. யாரும் சொல்லவில்லை. எல்லாத் தோளும் ஒரே நேரத்தில் படகில் பதிகின்றன.

முழங்கால். இடுப்பு. விளிம்பைப் பிடித்து உள்ளே விழுகிறேன். தண்டு இறங்குகிறது. எஞ்சின் சத்தம் மார்புக்குள் கேட்கிறது.

*

அணியம், படகின் முன்முனை, அலைக்கு நேராக. கொஞ்சம் விலகினாலும் அடுத்த அடியில் படகு குறுக்கே திரும்பும். குறுக்கே திரும்பிய படகை அலை உருட்டும்.

ஏறும்வரை வேகம். உச்சிக்குச் சற்று முன் அண்ணன் கை தளர்கிறது. தளராவிட்டால் படகு அலையைத் தாண்டி வெறும் காற்றில் போய், வயிறு அடித்து விழும். பலகை விரிசல் விடும், இல்லாவிட்டால் முதுகெலும்பு.

கை தளர்வது மிகச் சின்ன அசைவு. பார்த்துக்கொண்டே இருந்தால்தான் தெரிகிறது.

*

என் கால் குழியைத் தேடுகிறது. பிள்ளையார்பாளையத்துக் கால். தறிக்குழியில் இறங்கி, மிதியில் பதிந்து பழகியது. இங்கே குழி இல்லை. பலகை வருகிறது, போகிறது.

*

வெளிக்கடல். அலை இங்கே உடைவதில்லை. தூக்குகிறது, வைக்கிறது.

கிழக்கே ஒரு சிவப்புக் கோடு. பிறகு பகல்.

*

நேருக்கு நேர் போனால் அணியம் குத்துகிறது. பக்கவாட்டில் வாங்கினால் படகு புரளப் பார்க்கிறது. அவர் இரண்டுக்கும் நடுவே சாய்வாக வைத்துக்கொள்கிறார். போகவேண்டிய இடம் வலப்பக்கம் இருக்கிறது. கொஞ்ச நேரம் இடப்பக்கமாகவே போகிறோம்.

*

வலை நடுவில், தரையோடு. ஐஸ் பெட்டி நடுவில். யாரும் நிற்பதில்லை. கடப்பதென்றால் குனிந்து, ஒரு கையால் எதையாவது பிடித்தபடி.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அடியில் 200 லிட்டர் தேங்கினால் 200 கிலோ. அந்த 200 கிலோ ஓரிடத்தில் இருப்பதில்லை. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஓடுகிறது, சாய்வை இன்னும் கூட்டுகிறது.

சின்னப் பையன் வெட்டிய கேன் ஒன்றால் இறைத்துக்கொண்டே இருக்கிறான். தண்ணீர் அதிகமில்லை. இருந்தாலும் இறைக்கிறான்.

*

எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது. அணியத்தில் இருப்பவர் கையை உயர்த்துகிறார், சாய்க்கிறார், மூடுகிறார். பின்னால் இருப்பவர் அதைப் பார்த்தே திருப்புகிறார். தறியில் கோர்வை போடும்போது சேலையின் கரைப்பக்கம் உட்கார்ந்திருப்பவரும் நெய்கிறவரும் இப்படித்தான். முகம் பார்ப்பதில்லை. கை மட்டும்.

*

உயிர்காப்பு உடுப்புகள் வலைக்கு அடியில் கிடக்கின்றன. ஆரஞ்சு நிறம் வெளுத்துவிட்டது. போட்டுக்கொண்டு வலை இழுக்க முடியாது என்கிறார்கள். வேர்க்கிறது என்கிறார்கள்.

நான் போட்டிருக்கிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வேர்க்கத்தான் செய்கிறது.

*

கரை மெலிந்து ஒரு கோடாகிறது. கோயில் உச்சியும் கலங்கரை விளக்கமும் நெருங்கியும் விலகியும் தெரிகின்றன. அந்த விலகலை வைத்தே அண்ணன் நாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்கிறார்.

ராஜசிம்மன் கட்டியது இந்தக் கடற்கரைக் கோயில். காஞ்சியின் கைலாசநாதர் கோயிலும் அவன் கட்டியதுதான். அங்கே புல்வெளி, கிளிகள். இங்கே 1300 ஆண்டு உப்புக் காற்றில் கல்லின் முகங்கள் கரைந்திருக்கின்றன.

*

எஞ்சின் நிற்கிறது.

*

முதலில் வருவது அமைதி இல்லை. தண்ணீரின் சத்தம். இவ்வளவு நேரமும் அது இருந்திருக்கிறது.

*

படகு மெதுவாகத் திரும்பி அலைக்குக் குறுக்கே படுக்கிறது. உருள்கிறது. வயிறு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

யாரும் எஞ்சினிடம் ஓடவில்லை. முதலில் நங்கூரம். அணியத்திலிருந்து. கயிறு நீளமாக, தாராளமாக. பின்பக்கத்திலிருந்து இறக்குவதே இல்லை. எஞ்சினின் கனத்தில் அங்கே படகு தாழ்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் அலையைப் பார்த்தால் அலை உள்ளே வரும்.

கயிறு விறைக்கிறது. அணியம் தானே திரும்பி அலையைப் பார்க்கிறது. உருளல் அடங்குகிறது.

அதன் பிறகுதான் ஸ்பானர்.

*

டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. திருகைத் தளர்த்துகிறார். நுரை. நுரை. நுரை நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார். அவசரம் முகத்தில் இல்லை. இருக்கிறதா என்று தேடுகிறேன்.

*

கவிழ்ந்தால்?

கேள்வி வருகிறது. கொஞ்ச நேரம் இருக்கிறது. விளிம்புப் பலகைக்குள் நுரை அடைத்திருப்பதால் ஃபைபர் படகு கவிழ்ந்தாலும் மிதக்கும். அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கரை பக்கத்தில் தெரிகிறதே என்று நீந்தப் போகிறவர் தனித் தலையாகிவிடுகிறார். தேடுகிறவர் கண்ணுக்குப் படகு தெரியும், தலை தெரியாது.

கேள்வி போய்விடுகிறது.

*

எஞ்சின் பிடிக்கிறது.

*

1979. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையில் தொடங்குகிறது. துறைமுகம் இல்லாத கரைகளில், உடையும் அலையைத் தாண்டிப் போய்வரும் எஞ்சின் படகுகளை வடிவமைப்பது அதன் வேலைகளில் ஒன்று.

அத்திவரதர் இதற்கு முன் வெளியே வந்ததும் 1979.

இரண்டுக்கும் தொடர்பில்லை. எழுதிவைக்கத் தோன்றுகிறது.

*

உச்சிப்பொழுது. காற்று மாறிவிட்டது. இப்போது கடலிலிருந்து கரைக்கு. தண்ணீரின் மேல்தோல் சிலிர்க்கிறது. சின்னச் சின்ன வெள்ளைத் தலைகள்.

*

கரைக்கு முன் மறுபடி நிற்கிறோம்.

இங்கிருந்து பார்த்தால் அலையின் முதுகு மட்டும்தான். வழவழப்பாக, சாதுவாக. உடைவது அந்தப் பக்கம். கரையில் நின்று பார்த்திருக்காவிட்டால் நம்பிவிடுவேன்.

*

ஒரு மீட்டர் உயர அலை ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழத்தில் உடைகிறது. அந்த ஆழத்தில் அது மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. படகால் அந்த வேகத்தில் போக முடியும்.

அதுதான் வழி. அதுதான் ஆபத்தும்.

பெரிய அலைகள் கடந்து போகட்டும். கடைசிப் பேரலையின் பின்னால் சேர்ந்துகொண்டு, அதன் முதுகிலேயே கரைவரை. முந்தக் கூடாது. முந்தினால் படகு உச்சியைத் தாண்டி அலையின் முகத்தில் சரிகிறது. அணியம் பள்ளத்தில் குத்துகிறது, பின்பக்கம் சுழல்கிறது, பிறகு எல்லாம் குறுக்கே. பிந்தவும் கூடாது. பின்னால் அடுத்தது வருகிறது.

*

அவர் திரும்பிப் பார்க்கிறார். முன்னால் பார்ப்பதைவிடப் பின்னால் பார்ப்பது அதிகம்.

*

வேகம். கொஞ்சம் குறைவு. வேகம். இன்னும் குறைவு. கைப்பிடியில் விரல்கள் திறந்து மூடுகின்றன. முன்னால் அலை ஓடுகிறது, நுரை எங்களுக்கு அந்தப் பக்கம் விழுகிறது. அதன் முதுகு அகலமாகிக்கொண்டே போகிறது.

மூச்சு எங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன். தொண்டையில்.

கைப்பிடி கீழே. தண்டு மேலே. விசிறி காற்றில் அலறி நிற்கிறது. அடியில் மணல் உரசுகிறது.

*

2022 டிசம்பர் 9 இரவு, மாண்டஸ் புயல் இந்த மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடக்கிறது. அன்று படகுகள் எல்லாம் மேலே, மணலில். கட்டிய கயிறுகளோடு. கடலில் செய்வதற்கு எதுவுமில்லாத இரவுகளும் உண்டு.

*

படகை மேட்டுக்கு இழுக்கிறோம். நண்டு, கொஞ்சம் சங்கரா. அதிகமில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சட்டை காய்ந்து விறைக்கிறது. உதட்டில் உப்பு. உட்கார்ந்தால் மணல் இன்னும் தூக்குகிறது, வைக்கிறது.

*

கைப்பேசியில் வானிலை அறிக்கை. நாளை பலத்த காற்று, கடலுக்குப் போக வேண்டாம்.

“எஞ்சினைக் கழட்டிடலாம்” என்கிறார் அண்ணன். “அந்தக் குழாயையும் மாத்தணும்.” பையன் ஸ்பானர் பையை எடுக்கப் போகிறான்.