காவலுக்கும் ஒரு கெடு

எல்லை கடந்து வருவோரைப் பதிவு செய்வதும் விசாரிப்பதும் கண்காணிப்பதும் ஓர் அரசின் கடமைகளுள் அடங்கும் என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கண்காணிப்பு எவர் மீது, எத்தனை ஆண்டுகள் நீளலாம் என்பது சட்டம் மட்டுமே விடை சொல்லித் தீர்த்துவிடக்கூடிய கேள்வியன்று. கோவில்பட்டியை நடுவாகக் கொண்ட கரிசல் வட்டாரத்தில் இக்கேள்வி கண்ணெதிரே நிற்கிறது. எட்டயபுரத்தை அடுத்த தாப்பாத்தியிலும், விளாத்திகுளம் பக்கத்துக் குளத்துவாய்ப்பட்டியிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் பல்லாண்டுகளாக இருந்துவருகின்றன. மாநிலமெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட இத்தகைய முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்கிறார்கள். இவர்களுக்கு வீடும், மாதந்தோறும் ‘பணக்கொடை’ எனப்படும் உதவித்தொகையும் வழங்கும் வருவாய் அலுவலர்களும், இவர்களில் எவர் முகாமில் இருக்கிறார், எவர் இல்லை என்று பார்த்துவரும் கியூ பிரிவுக் காவலரும் ஒரே பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். கியூ பிரிவு என்பது தீவிரவாத இயக்கங்கள் பற்றிய செய்திகளைத் திரட்டும் மாநிலக் காவல்துறையின் உளவு அமைப்பு.

அரசின் அச்சம் வெறும் கற்பனையன்று. 1990 ஜூன் மாதம் சென்னைக் கோடம்பாக்கத்தில் இலங்கைத் தமிழ்ப் போராளி இயக்கமொன்றின் தலைவரான பத்மநாபாவும் அவருடைய தோழர்களும் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் அவர்களாலேயே கொல்லப்பட்டார். மன்னார் வளைகுடாவில் இன்றும் பீடி இலையும் மஞ்சளும் போதைப் பொருளும் படகேறுகின்றன. ஆட்களைக் கனடாவுக்கு அனுப்புவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் தரகர்களும் இக்கரையில் உண்டு. இவற்றைக் கண்டும் காணாமல் இருக்கும் அலுவலர் கருணையாளர் ஆகிவிடமாட்டார், கடமை தவறியவரே ஆவார். எனவே காவல் வேண்டுமா, வேண்டாமா என்பதில் சிக்கல் இல்லை. 1991இல் ஒரு சிலர் செய்த கொலைக்காக அப்போது ஏற்பட்ட ஐயம், அதன்பின் பிறந்து பள்ளி முடித்துத் திருமணமும் ஆகிவிட்டவர்கள் மீதும் அதே எடையில் சுமத்தப்படுவது எந்த அறத்தால் தகும் என்பதே சிக்கல்.

கரிசல் நாட்டுக்கு இது அயலார் கதையாகவும் இல்லை. இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ நாவலே, வடக்கே ஓர் ஆட்சியாளருக்கு அஞ்சி ஓடிவந்த தெலுங்குக் குடும்பங்கள் இம்மண்ணில் காடு திருத்திக் குடியேறிய நினைவின் மேல் கட்டப்பட்டது. அதே ஊர்க்காரரான கு. அழகிரிசாமி 1952இல் மலாயாவுக்குப் போய்த் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றினார். எழுத்தாளர் போவதற்கு வெகுகாலம் முன்பே, வானம் பார்த்த இந்தப் பூமியிலும் அதைச் சூழ்ந்த மாவட்டங்களிலும் மழை பொய்த்தபோதெல்லாம், கங்காணிகளிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பங்கள் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறின. தூத்துக்குடிக்கு முந்திய தட்டப்பாறையில் அவர்களுக்கென்று ஒரு முகாம் இருந்தது. பிளேக், காலரா முதலிய நோய்கள் தீவுக்குள் நுழைந்துவிடக் கூடாதென்று ஆட்களை அங்கே தடுத்துவைத்துச் சோதித்த பிறகே கொழும்புக்கு அனுப்பினார்கள். பின்னர் அந்த வேலை மண்டபம் முகாமுக்கு மாறியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஒவ்வோர் ஆளுக்கும் எண் துளையிட்ட தகரச் சீட்டு ஒன்று கொடுக்கப்பட்டது; கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிய அச்சீட்டில், போகும் ஆள் இன்ன தோட்டத்துக்குரியவர் என்பது தெரியும்; வழிச்செலவும் அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். குடியேற்றத்தைப் பாதுகாப்பாக்கும் திட்டம் என்று இன்று சொல்லப்படுவதன் உறுப்புகளான அடையாளம், தடுத்துவைத்தல், சோதனை, பதிவு ஆகிய எல்லாமே அன்றே இருந்தன. ஆனாலும் ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். முகாமில் தங்கவேண்டிய நாள் முடிந்தவுடன் அந்த மனிதர் சோதனையிலிருந்து விடுபட்டார். தோட்டத்தில் கடனும் அடிமைத்தனமும் காத்திருந்தன என்பது வேறு. நோய் பற்றிய ஐயத்துக்காவது ஒரு கெடு இருந்தது.

இம்மக்களின் பேரப்பிள்ளைகள்தான் 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்தது. மனிதர்களின் விருப்பத்தைக் கேட்பதற்கு முன்பே அவர்களின் தொகையைப் பேசி முடித்த ஒப்பந்தங்கள் இவை. மலையகத்திலிருந்து வன்முறைக்கு அஞ்சி வன்னிக்குப் போய், அங்கும் போர் வந்து, 1983க்குப் பின் படகேறி வந்தவர்கள் தமிழக முகாம்களில் கணிசமாக இருக்கிறார்கள். பாட்டன் தொழிலாளியாக வெளியேறிய அதே மண்டபத்தில் பேரன் அகதியாக நுழைந்து, அயல்நாட்டவர் என்ற பெயரில் பதிவாகிறான். இதைக் காட்டிலும் கொடிய முரண் தமிழர் வரலாற்றில் அரிது.

முகாம்வாசிகள் ‘செக்கிங்’ என்று சொல்லும் நாளில் இந்த ஐயத்தின் அன்றாட உருவத்தைப் பார்க்கலாம். வருவாய் ஆய்வாளர் பதிவேட்டை விரித்து உட்காருவார். குடும்ப அட்டையோடு ஒவ்வொருவரும் வரிசையில் நின்று, பெயர் வாசிக்கப்படும்போது முன்னால் வந்து முகம் காட்ட வேண்டும். முகாம் ஆண்களில் பலர் பெயிண்டிங் வேலைக்காக வெளியூர்களில் தங்குகிறவர்கள். அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு வந்தால் கூலி போகும். வராவிட்டால் பணக்கொடை நிற்கும். 2021இல் உயர்த்தப்பட்ட அளவின்படி அத்தொகை குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாய். வயிற்றுக்கு உதவும் தொகையையே வருகைப் பதிவுக்கு ஈடாகப் பிடித்துவைப்பது நிர்வாகத்துக்கு எளிது என்பது உண்மையே; ஆனால் கொடுப்பதைப் பணயமாக வைத்துக் கண்காணிக்கும்போது, கொடையில் கொடைத்தன்மை எஞ்சுவதில்லை.

இந்திய நாடு உலகத்தாருக்கெல்லாம் திறந்துவைத்த சத்திரம் அல்ல என்ற கருத்தை 2025 மே மாதம், தண்டனை முடித்த ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெரிவித்தது. அவ்வாதத்தில் நியாயம் இருப்பதாகவே கொள்ளலாம். என்றாலும், நேற்று வந்தவரைப் பற்றிய வாதத்தை இங்கேயே பிறந்தவர் மீது பொருத்துவது எப்படி? 1987 ஜூலை 1க்குப் பின் இந்தியாவில் பிறந்தவர் குடிமகனாக, பெற்றோருள் ஒருவராவது குடியுரிமை உடையவராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்தவரென்றால், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. இதன்படி, முகாம் பெண்ணொருத்தி பக்கத்துக் கரிசல் கிராமத்துப் பையனை மணந்து பெற்ற பிள்ளைகூடப் பிறப்பால் குடியுரிமை பெற முடியாமற்போகலாம். படகேறாத பிள்ளையின் மேல் படகேறியதற்கான குற்றம் விழுகிறது. இத்தனை நீண்ட காலம் மனிதர்களைக் கண்காணிப்பிலும் நாடற்ற நிலையிலும் வைத்திருப்பது அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமைக்கு மாறானது என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியினர் 65 பேரின் வழக்கில் கூறியது. மிகச் சரியான பார்வை அது.

குடியுரிமை மத்திய அரசின் கையில் இருக்கிறது. முகாமை நடத்தும் தனி வட்டாட்சியரால் அதை வழங்க இயலாது. அதனால் அவருடைய பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. ஒற்றரின் சொல்லை வேறோர் ஒற்றரின் சொல்லால் சரிபார்த்தே கொள்ள வேண்டும் என்பது குறளின் ஒற்றாடல் அதிகாரம் அரசனுக்கு விதிக்கும் கட்டுப்பாடு. முகாம்வாசியோ தன்னைப் பற்றி எழுதப்பட்ட அறிக்கையில் என்ன இருக்கிறது என்பதையே அறியாதவர், அதை மறுக்கவும் வழியில்லாதவர். ஒருவர் மீது குறிப்பிட்ட ஐயம் இருந்தால் அதைக் காரணத்தோடு எழுதிவைத்து, குறித்த காலத்தில் மறுபடி பார்த்து, ஆதாரம் இல்லையென்றால் நீக்கிவிடுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. எல்லார் மீதும் பொதுவாகப் பரப்பிய ஐயம் காவலுக்கே பகை. ஆயிரம் அப்பாவிப் பெயிண்டர்களின் வருகையைக் குறித்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு, வேம்பார்க் கரையில் இரவில் படகு ஏற்பாடு செய்யும் தரகர் தப்பிவிடுவார்.

2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் அயல்நாட்டவர் சட்டத்தோடு வெளியான விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழருக்கு, உரிய ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. குடியுரிமைக்கு அது வழி சொல்லவில்லை. இலங்கையின் பொருளாதாரச் சரிவுக்குப் பின், 2022 மார்ச் முதல் தனுஷ்கோடி மணல்திட்டுகளில் இறக்கிவிடப்பட்டு மண்டபத்தில் தங்கவைக்கப்பட்டவர்கள் அந்த நாள் வரம்புக்கும் வெளியே நிற்பவர்கள். அவர்களின் விசாரணைக்கேனும் தொடக்கத்திலேயே ஒரு கெடு வைக்கலாம். அதற்குள் குற்றம் தெரிந்தால் வழக்குத் தொடுக்கலாம், தெரியாவிட்டால் வேலை செய்யவும் ஊர்விட்டு ஊர் போகவும் அனுமதிச் சீட்டுக் கொடுத்து, காவல் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடலாம்.