அறிந்த விடையை ஆசிரியர் மறைக்கலாமா?

விஞ்ஞான வகுப்புகளில் இன்று ஒரு முறை பெரிதும் பேசப்படுகிறது. ஆசிரியர் விடையை முதலில் கூறுவதில்லை. கேள்வியையும் கருவியையும் மாணாக்கர்முன் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார். மாணாக்கரே ஊகித்து, செய்து பார்த்து, கண்டதைக் கூறவேண்டும். மதரஸாவில் ஓதிய நம்மனோர்க்கு இங்கே ஓர் ஐயம் எழும். கேட்கப்பட்ட கல்வியை மறைப்போர்க்கு மறுமையில் நெருப்புக் கடிவாளம் உண்டென நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்க, அறிந்த விடையை நெஞ்சில் வைத்துக்கொண்டு பிள்ளைகளைத் திகைக்கவிடுவது தகுமா?

மறைத்தல் வேறு, தாமதித்தல் வேறு. இலை உதிராத, முஸ்லிமுக்கு உவமையான மரம் எதுவென நாயகம் அவர்கள் ஒருமுறை தோழர்களிடம் வினவினார்கள். தோழர்களின் எண்ணம் பாலைவனத்து மரங்களையெல்லாம் சுற்றி வந்தது. அதன் பின்னரே, அது பேரீச்ச மரம் என்றார்கள். அவ்விடை இளைஞரான இப்னு உமர் (ரலி) உள்ளத்தில் முன்பே உதித்திருந்தது. பெரியோர்முன் பேச நாணி இருந்துவிட்டார். பின்னர் அதை அறிந்த தந்தை உமர் (ரலி), மகன் வாய் திறந்திருக்கலாகாதா என்றே ஏங்கினார். புகாரியின் கல்விப் பகுதியில் உள்ள செய்தி இது. நம் வீடுகளிலோ, பெரியோர்முன் பேசாதிருப்பதே அதபு என்று பிள்ளையைப் பழக்கிவிட்டு, வகுப்பில் அவன் ஊமையாக நிற்பதைக் கண்டு வருந்துகிறோம்!

பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், 11ஆம் நூற்றாண்டில் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' நூலில் ஒரு சோதனையை விவரிக்கிறார். இருட்டறையின் துவாரத்துக்கு எதிரே பல விளக்குகளை வைத்தால், உள்ளே அத்தனை ஒளித்திட்டுகள் விழும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய திட்டு மட்டுமே மறையும். துவாரத்தில் கூடிய ஒளிகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை.

இதை வகுப்பில் செய்ய ஓர் அட்டைப்பெட்டி, அதில் ஓர் ஊசித்துளை, எதிர்ப்பக்கத்தில் எண்ணெய்த் தாள், இரண்டு மெழுகுவர்த்திகள் போதும். தாளின் பக்கம் நின்று பார்க்கும் பிள்ளைகளிடம், "வலப்பக்கச் சுடரை மறைத்தால் எந்தத் திட்டு அணையும்?" என்று கேளுங்கள். வலப்பக்கம் என்று கூறும் பிள்ளை, இடப்பக்கம் அணைவதைக் காண்பான். அந்த நொடியில் ஆசிரியர் காரணத்தைச் சொல்லிவிட்டால் வியப்பு அங்கேயே முடிந்தது. "ஏன் அவ்வாறு நினைத்தாய்?" என வினவிக் காத்திருத்தல் வேண்டும்; கடைசி வரிசையில் நாணி நிற்பவனுக்காகச் சற்றுக் கூடுதலாகவே காத்திருத்தல் வேண்டும்.

எல்லாவற்றையும் பிள்ளைகள் கண்டுபிடிக்க இயலாது. அமிலம் சுடும் என்பதைத் தொட்டு அறியச் சொல்வார் உண்டோ? ஆயத்தமின்றி வந்து, "நீங்களே கண்டுபிடியுங்கள்" எனக் கூறி நாற்காலியில் சாய்பவரை இம்முறையின் ஆசிரியரென நாம் ஏற்கமாட்டோம்.

மூஸா (அலை) அவர்களிடம், தாமாக விளக்கும்வரை கேட்கவேண்டாம் என்ற கிழ்ரு (அலை) அவர்களும், மூன்று செயல்களுக்கும் விளக்கம் தந்த பின்னரே பிரிந்தார்கள். விடை கிட்டுமுன் மணி அடித்துவிட்டால், மறுநாள் வகுப்பில் அந்தப் பெட்டிதான் முதலில் மேசைமீது ஏறவேண்டும்.